மணமகளுக்கு மட்டும் ஒரு பரிசோதனை

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனையின் முடிவு நேராகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறதாம். பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் தேவி பெருமையாகச் சொன்னாள். நோயாளி வர வேண்டாம், காத்திருக்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை எழுத்து, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்க்கிறவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று கேட்டேன். "அது நமக்கு எப்படி மிஸ்ஸி தெரியும்?" என்றாள். இந்த ஊரில் தாதியை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

தேவி போன் செய்தது வேறு காரியத்துக்கு. புதிதாகச் சேரும் தாதிகளுக்குக் கொடுக்க, பழையவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் மோட்டிவேஷனா இருக்கட்டும் மிஸ்ஸி" என்றாள். மோட்டிவேஷன் வேண்டுமென்றால் யோகா வகுப்புக்குப் போ, என்னிடம் வராதே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. சரி, எழுதித் தருகிறேன், ஆனால் அதில் யாரும் சர்க்கரை கலக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ரயில்வேக்காரர். கிள்ளானில் வளர்ந்தேன், அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி பெற்றேன், தோல் வார்டில் போட்டார்கள், அங்கிருந்து பால்வினை நோய்ப் பிரிவுக்குத் தள்ளினார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மா அவர்கள் வீட்டில், "பிள்ள குழந்தைங்க வார்டுல இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். என் மாமியார் கண் மூடும்வரை நான் குழந்தைகள் வார்டிலேயேதான் வேலை பார்த்தேன். அப்படி ஒரு வேலை இது. வேலை பார்க்கிறவர்களுக்கே மறைக்கத் தோன்றும்போது, வந்து உட்காரும் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தனியார் கிளினிக்குக்கு என்னை அழைத்துக்கொண்டு வந்தவர் டாக்டர் தில்லைநாதன். பார்க்கச் சிடுமூஞ்சி. பழகினாலும் சிடுமூஞ்சிதான். ஆனால் நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது, அதில் இம்மியும் பிசகமாட்டார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். கைப்பேசியும் உள்ளே போகும். பிறகு மேசையைச் சுற்றி வந்து, நோயாளிக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். காகிதத்தைக் காட்டமாட்டார். "பேப்பரக் கையில குடுத்தா அவன் பேப்பரோடதான் பேசுவான், என்கூடப் பேசமாட்டான்" என்பார். அதற்கப்புறம் மூன்று விஷயம் மட்டும் சொல்வார்: என்ன கண்டுபிடித்தோம், அதற்கு என்ன அர்த்தம் இல்லை, இன்றைக்கு என்ன செய்ய வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். நோயாளி தானாகப் பேசும்வரை காத்திருப்பார். அழுதால் அழட்டும், முறைத்தால் முறைக்கட்டும். வெளியே காத்திருப்பவர்கள் என் உயிரை எடுப்பார்கள், அவர் அசையமாட்டார்.

'கிளீன்' என்ற சொல்லை எங்கள் அறையில் யாரும் சொல்லக்கூடாது. "டாக்டர், என் ரத்தம் கிளீனா?" என்று கேட்டால் போதும், அவர் முகம் சுருங்கிவிடும். "ரத்தத்த யாரும் துணி வச்சுத் துடைக்கிறதில்ல. இருக்கு, இல்ல, ரெண்டே பதில்தான்" என்பார்.

ஹெர்பீஸ் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. அந்த வைரஸ் உள்ள பலருக்கு வாழ்க்கையில் ஒரு கொப்புளம்கூடத் தெரிந்திருக்காது. ரத்தத்தில் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய தடயம் மட்டும் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லாது. சில நேரம் இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லிவிடும், அதனால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். உயிரை வாங்கும் நோய் அல்ல, ஆனால் முழுதாகப் போகவும் போகாது. வெளியே ஒன்றும் தெரியாதவரிடமிருந்தும் துணைக்குத் தொற்றலாம். மாத்திரையாலும் ஆணுறையாலும் அதைக் குறைக்கலாம். ஆகவே சொல்ல வேண்டியவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் சும்மா எடுத்து வைக்காதீர்கள் என்று டாக்டர் தொண்டை கிழியச் சொன்னது இதற்காகத்தான்.

சொல்ல வைப்பது என் வேலை. டாக்டர் பேசி முடித்ததும் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே ஒத்திகை நடக்கும். நான்தான் கணவன், நான்தான் காதலி, நான்தான் கட்டிக்கொள்ளப் போகிறவன். நோயாளி என்னிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். காரில் வைத்துச் சொல்லக்கூடாது, ஓட்டுகிறவன் கையில் இரண்டு உயிர் இருக்கிறது. படுக்கையில் சொல்லக்கூடாது. போனில் கூடவே கூடாது. கேட்கிறவர் எழுந்து போக நினைத்தால் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைத்தால் கேட்கிறவர் அதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, மன்னிப்புக் கேட்கக்கூடாது. தப்புச் செய்தவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள், இது உடம்புக்கு வந்த ஒன்று. இதைச் சொல்லிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, என் நாக்கே தேய்ந்துபோயிற்று.

டாக்டருக்கு வயதானதும் கிளினிக் வேறு கைக்குப் போனது. அவர் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். புது நிர்வாகம் வந்த சூட்டோடு கல்யாணப் பேக்கேஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நம்மவர்கள் இப்போது ஜாதகத்தோடு மெடிக்கல் ரிப்போர்ட்டும் கேட்கிறார்கள் அல்லவா, அந்தச் சந்தைக்கு. மணமகளுக்கு ரோஸ் நிறத் துண்டுப் பிரசுரம், மணமகனுக்கு நீலம். மணமகனுக்கு இருதயம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம். மணமகளுக்கு அவை எல்லாம் போக, கர்ப்பப்பை ஸ்கேன், தைராய்டு, பால்வினை நோய்கள், அதில் ஹெர்பீஸும் உண்டு.

"இது ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும்?" என்று டாக்டர் கூட்டத்தில் கேட்டார்.

"டாக்டர், மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொண்ணப் பத்திதான் கேக்கிறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்கு ஹார்ட் நல்லா இருக்கான்னு கேக்கிறாங்க. கேக்கிறதத்தானே விக்க முடியும்?" என்றார் மேனேஜர். வாதம் முடிந்தது. அன்றிலிருந்து, நல்ல உடம்போடு சிரித்துக்கொண்டு வந்த பெண்களை நாங்கள் நோயாளியாக்கி அனுப்ப ஆரம்பித்தோம்.

சுகந்தி அப்படி வந்தவள்தான். பெயர், வேலை, ஊர் எல்லாவற்றையும் நான் கலைத்துப் போட்டிருக்கிறேன், யாரும் யாரென்று தேட வேண்டாம். கிள்ளான் பெண், முப்பதைத் தாண்டியவள், துறைமுகப் பக்கம் கப்பல் சரக்கு ஆபீசில் வேலை. கட்டிக்கொள்ளப் போகிறவன் தினேஷ், செராஸ்காரன், என்ஜினியர். மண்டபம் பிடித்தாயிற்று, கார்டு அடித்தாயிற்று. அவன் அம்மா கேட்டார் என்பதற்காக இருவரும் ஒரே நாளில் வந்து, ஆளுக்கொரு பேக்கேஜ் எடுத்தார்கள். வரவேற்பில் நின்று ரோஸையும் நீலத்தையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு படம் வேறு எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு வாங்கச் சௌகரியமாக இருக்கும் என்று அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவிலாகாவில் ரெஜிஸ்டர் செய்துவிட்டார்கள். நம்மவர்களின் வழக்கம் தெரிந்ததுதானே. ரெஜிஸ்டர் அன்று மாலை மாற்றி, மோதிரம் போட்டு, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, பெண் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அரசாங்கத்தைக் கேட்டால் அவள் மனைவி. சொந்தக்காரர்களைக் கேட்டால், தாலி ஏறும்வரை அவள் கட்டப்போகிற பெண்.

சுகந்தியின் முடிவில் ஹெர்பீஸ் இருந்தது. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதிலும் இருந்தது. அவளைத் தனியாக வரச் சொன்னோம். கடிகாரம் உள்ளே போனது, டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தார்.

"உங்க ரத்தத்துல ஹெர்பீஸ் வைரஸோட அடையாளம் இருக்கு. நீங்க ஏதோ தப்புப் பண்ணீங்கன்னோ, உங்களால பிள்ள பெத்துக்க முடியாதுன்னோ இதுக்கு அர்த்தமில்ல. இன்னைக்கு மிஸ்ஸிகூடப் பேசுங்க, உங்க கணவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு."

அவள், "எங்கேர்ந்து டாக்டர் வந்துச்சு?" என்றாள்.

"அது இந்த டெஸ்டுக்குத் தெரியாது."

பக்கத்து அறையில் அவள் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பல்கலைக்கழகத்தில் ஒருவன் இருந்தான், அது தினேஷுக்கும் தெரியும். அதற்கப்புறம் ரெஜிஸ்டர் ஆன பிறகு தினேஷ் மட்டும்தான். "சட்டப்படி நாங்க புருஷன் பொண்டாட்டிதானே மிஸ்ஸி" என்று ஏதோ நான் கேள்வி கேட்டதுபோல் சொன்னாள். நான் ஒத்திகையைத் தொடங்கினேன்.

"தினேஷ், சாரி..." என்று ஆரம்பித்தாள்.

"சாரி வேணாம். மறுபடி."

"தினேஷ், ஒண்ணு சொல்லணும், நீ கோவப்படக் கூடாது..."

"அவன் கோபப்பட்டா படட்டும், அது அவன் பாடு. பேரச் சொல்லு."

சிரித்தாள், அழுதாள், மறுபடி சொன்னாள். கடைசியில் கல்போல உட்கார்ந்து சொன்னாள்: "தினேஷ், எனக்கு ஹெர்பீஸ் டெஸ்ட் பாசிட்டிவ். எனக்கு ஒண்ணும் வந்ததில்ல, எப்ப வந்துச்சுன்னும் தெரியாது. ஒனக்கும் இருக்கலாம், ஒனக்குத் தொத்தாமலும் இருக்கலாம். நீயும் டெஸ்ட் எடு. அப்புறம் ரெண்டு பேரும் பேசுவோம்." இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்த்தியாகச் சொன்னவர்கள் குறைவு. எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏரிப் பூங்காவில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே போன் வந்தது. "மிஸ்ஸி, சொல்லிட்டேன்! அவர், இதுக்கா இவ்ளோ பில்டப்பு, ஒண்ணும் இல்ல லான்னு சொல்லிட்டாரு. எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தாரு." அந்தப் பெண்ணின் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "அவன் வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டான். சொல்லுகிறவளுக்கு அத்தனை விதி சொல்லிக் கொடுத்தோமே, கேட்கிறவனுக்கு ஒரு விதியாவது வைத்தோமா? உன் காதில் விழுந்தது உன்னோடு இருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது?

அந்த வாரமே தினேஷின் அம்மா கிளினிக்குக்கு வந்துவிட்டார், மகனையும் இழுத்துக்கொண்டு. பட்டுச் சேலை, நல்ல கம்பீரம்.

"எங்க வீட்டுக்கு விளக்கேத்த வர்ற பொண்ணு. அவளுக்கு என்னன்னு எங்களுக்குத் தெரியணும்ல?"

"வேற யாரோட விவரத்தையும் நாங்க சொல்ல முடியாது ஆன்டி."

"நீங்க சொல்லாட்டி என்ன, அவதான் வாயாலயே சொல்லிட்டாளே! எம் பிள்ள ரிப்போர்ட்டு கிளீன். ஒரு புள்ளி இல்ல. இங்கதான எடுத்தீங்க?"

நான் முகப்பில் கிடந்த ரோஸ் பிரசுரத்தையும் நீலப் பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் முன் தள்ளினேன். "ரெண்டுலயும் என்னென்ன இருக்குன்னு படிச்சுப் பாருங்க ஆன்டி." அவர் கண்ணாடி கொண்டுவரவில்லையாம். மகன் படித்தான். படித்துவிட்டுத் குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தான். இந்தப் பரிசோதனை தனக்கு எடுக்கப்படவே இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் காது சிவந்துவிட்டது. வேண்டுமென்றால் இப்போதே எடுக்கலாம் என்று அவனைப் பார்த்துச் சொன்னேன்.

"எதுக்கு? எம் பிள்ளைக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா பாய்ந்தார். ஒரு வார்த்தை, 'எனக்கு எடுக்கவேயில்லம்மா' என்ற ஒரே ஒரு வார்த்தை. என்ஜினியரிங் படித்த பிள்ளைக்கு அது வரவில்லை.

கோயில் கல்யாணம் நின்றது. வெளியே ஜாதகத்தில் தோஷம் என்று சொன்னார்கள். உள்ளே யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதைச் சுகந்தி பிறகு வந்து சொன்னாள். வாட்ஸ்அப்பில் அது சுபாங் ஜெயாவில் இருக்கும் அவள் சித்தப்பாவரை போய்த் திரும்பி வந்திருந்தது. இவள் வீட்டில் இவளுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி. இவள் துணியை அம்மா வாஷிங் மெஷினில் போடுவதில்லை. தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது என்று நான் அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க நல்லாத்தான் சொல்றீங்க மிஸ்ஸி, வீட்டுல வயசுக்கு வந்த இன்னொரு பொண்ணு இருக்கே" என்று வைத்துவிட்டார்.

இதில் கொடுமை, சட்டத்தின் கண்ணில் சுகந்தி இன்னும் தினேஷின் மனைவி. இரண்டு வருடம் ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். தாலி கட்டாத, ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத ஒருவனிடமிருந்து விடுதலை வாங்க அவள் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எந்தப் படிவத்திலும் விவாகரத்தானவள். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை.

"மிஸ்ஸி, நான்தான் அவருக்குக் குடுத்திருப்பேனோன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அவர் என்னைய வேணாம்னு சொன்னது போகட்டும். அவருக்கு ஒண்ணும் ஆகலன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அவளை நிராகரித்தவனுக்காக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து, மதிய உணவு வேளையில் தினேஷ் தனியாக வந்தான். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. அந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டும் என்றான். எடுத்தோம். முடிவு வந்த அன்று கடிகாரம் இழுப்பறைக்குள் போனது. அவனுக்கும் இருந்தது. டாக்டர் வழக்கம்போல் தன் மூன்றையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பிறகு, இதற்கு முன் கொப்புளம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"சிங்கப்பூர்ல வேல செஞ்சப்ப ரெண்டு மூணு தடவ வந்துச்சு டாக்டர். அது வேற, உடம்புச் சூடு. பார்லித் தண்ணி குடிச்சேன், இளநி குடிச்சேன், போயிருச்சு."

"எப்ப?"

"சுகந்தியப் பாக்கிறதுக்கு முன்னாடி. ரொம்ப முன்னாடி."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. நம்மவர்களுக்கு எல்லாமே சூடு. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, இடுப்புக்குக் கீழே கொப்புளம் வந்தாலும் சூடு. அந்தச் சூட்டை இளநீரில் அணைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போயிருக்கிறான். சுகந்திக்கு இவனிடமிருந்துதான் வந்தது என்று ஆய்வுக்கூடம் சத்தியம் செய்யாது. ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் சந்தேகமில்லை.

"இதைச் சொல்ல வேண்டியவங்ககிட்ட நீங்க சொல்லணும்" என்றார் டாக்டர்.

"யார்கிட்ட?"

"உங்க மனைவிகிட்ட."

அவன் நிஜமாகவே விழித்தான். "எனக்கு எங்க டாக்டர் கல்யாணம் ஆச்சு?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவனை அறைய வேண்டும்போல இருந்தது. டாக்டர் முதல்முறையாகத் தன் வழக்கத்தை மீறி எதிர்க்கேள்வி கேட்டார். "பதிவிலாகாவுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"அது வீடு வாங்கறதுக்காக டாக்டர். தாலி கட்டலியே. அதோட, அவளுக்குத்தான் ஏற்கனவே இருக்குன்னு தெரியுமே. நான் புதுசா என்ன சொல்லப் போறேன்?"

"உங்களுக்கு அது முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லலாம். அவங்க நிம்மதியா இருப்பாங்க."

"யோசிக்கிறேன் டாக்டர்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். போகும்போது என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸி, இது வெளிய போகாதுல்ல?" என்றான். வெளியே போகாது என்றேன். அதுதான் விதி. சுகந்திக்காக அவன் அம்மாவிடம் நான் காப்பாற்றிய அதே விதி. இவனுக்கு ஒரு சட்டம் அவளுக்கு ஒரு சட்டம் என்று வைத்திருந்தால், நாளைக்கு ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டார்கள். இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்புவதால் கசப்பு குறையவில்லை.

அடுத்த முறை சுகந்தி வந்தபோது நேராகவே கேட்டாள். "மிஸ்ஸி, அவர் இங்க வந்து டெஸ்ட் எடுத்தாரா? அவருக்கு இருக்கா, இல்லையா?"

"யார் வந்தாங்க வரலன்னு நான் சொல்ல முடியாதும்மா. யாரப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

"தெரியும் மிஸ்ஸி. சும்மா கேட்டேன்." எழுந்துபோனாள். 'அவனுக்கு முன்னாலேயே இருந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் தோளில் இருந்த மூட்டை இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழிந்தது, சுகந்தியின் விவாகரத்தும் முடிந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் தினேஷின் அம்மா மறுபடி வந்தார். இந்த முறை கூடவே, மகனுக்குப் பார்த்திருந்த அம்பாங்கைச் சேர்ந்த நிஷா என்ற பெண். மணமகள் பேக்கேஜ் வேண்டுமாம். "இந்த கிளினிக்குலதான் நல்லாத் தோண்டிப் பாப்பாங்க" என்று அந்தப் பெண்ணிடம் எங்களுக்குச் சிபாரிசு வேறு. டாக்டர் அன்றே தினேஷைப் போனில் பிடித்தார். நோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இது இல்லை, அவனைக் கட்டாயப்படுத்த எங்களிடம் ஒன்றும் இல்லை. "சொல்றேன் டாக்டர், நேரம் வரட்டும்" என்றானாம்.

நிஷாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. முடிவை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லும் வார்த்தையைத்தான் அவளிடமும் சொன்னேன். "கட்டிக்கப் போறவரையும் இதே டெஸ்ட் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லும்மா. ரெண்டு பேரும் எடுத்தாத்தான் அர்த்தம். நீலப் பேக்கேஜ்ல இது கெடையாது."

"அவருக்கு வேணாம் மிஸ்ஸி," என்று சிரித்தாள். "அவர் எங்கிட்ட எதையும் மறைக்கல. மொதல்ல பேசுன பொண்ணுக்குத்தான் அந்த வியாதியாம். கார்டெல்லாம் அடிச்சப்புறம் தெரிஞ்சுதாம். பாவம், நல்லவேள தப்பிச்சாரு."

நான் இன்னொரு தடவை அழுத்திச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், மரியாதைக்கு. எடுக்கச் சொன்னாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மாத முடிவில் எனக்குக் கேக் வெட்டி, பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளே, ஒத்திகையை விட்டுவிடாதீர்கள். ஆனால் ரோஸ் பிரசுரத்தை மட்டும் நீட்டும்போது உங்கள் கை கூச வேண்டும். ஒருத்திக்கு எடுத்தால் ஒருவனுக்கும் எடுங்கள், இல்லாவிட்டால் இருவருக்கும் எடுக்காதீர்கள். மேனேஜர் முறைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள், என்னை இனி யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது.

போன மாதம் கிள்ளான் பாசாரில் மீன் கடைப் பக்கம் சுகந்தியைப் பார்த்தேன். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. தனியாக வீடு எடுத்து இருக்கிறாளாம். புதிதாக யாரோ ஒருவர் பேசுகிறாராம், அவரிடமும் ஒத்திகையில் சொன்ன மாதிரியே, பெயரை முதலில் வைத்துச் சொல்லிவிட்டாளாம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாராம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தினேஷுக்குக் கல்யாணம் ஆயிருச்சு மிஸ்ஸி, கேள்விப்பட்டீங்களா? எனக்கு இப்பதான் மனசு லேசாச்சு. அவருக்கு எங்கிட்டேர்ந்து ஒண்ணும் தொத்தல. தொத்தியிருந்தா அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருப்பாரு, கல்யாணமும் நின்னிருக்கும். அவ்ளோ பெரிய விஷயத்த யாராச்சும் மறைச்சுக் கட்டுவாங்களா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் மீன் பை சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, என் வாயை நானே சபித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.